மூன்று கிலோ தவிடும் கால் தாங்கும் குதிரையும்

கேள்வி: ஐயா, போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றும், அதனுடன் ஒன்றரை வயதுக் குட்டி ஒன்றும் வாங்கினேன். பெரியது ஏறத்தாழ 400 கிலோ இருக்கும். தரகர் சொன்னபடி தினமும் மூன்று கிலோ கோதுமைத் தவிட்டை நனைத்து வைக்கிறேன். அரைக் கிலோ வேகவைத்த கொள்ளு, மாட்டுக்கு வளர்க்கும் கோ 4 கம்பு நேப்பியர் புல், இரவில் வைக்கோல் ஆகியவையும் கொடுக்கிறேன். இரண்டு மாதமாகக் குதிரை கால் தாங்கி நடக்கிறது. முதலில் இடது முன்னங்கால், பிறகு வலது பின்னங்கால், இப்போது மறுபடியும் முன்னங்கால். லாடம் இரண்டு முறை மாற்றியாயிற்று. மருந்துக் கடையில் வாங்கிப் போட்ட வலி ஊசியில் மூன்று நாள் நன்றாக நடக்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. கால்சியம் ஊசி போட்டால் நிரந்தரமாகத் தீரும் என்கிறார்கள். எந்த ஊசி நல்லது? முகம் சற்றுப் பருத்திருக்கிறது, அது உடம்பு பிடித்ததன் அடையாளம் என்று தரகர் சொல்கிறார். குதிரையைப் பந்தயத்துக்குப் பழக்க விரும்புகிறேன்.

— கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: ஊசியைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் குதிரையின் நோய் பெரும்பாலும் தீவனத் தொட்டியில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதிய தீவனக் கணக்கும் முகத்தைப் பற்றிய அந்த ஒரு வரியும் காட்டிவிடுகின்றன.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே காலில் திடீரென வரும் நொண்டலுக்குக் குளம்பில் சீழ், ஆணி குத்தல், தசைநார்ச் சுளுக்கு எனப் பல காரணங்கள் உண்டு. அங்கெல்லாம் லாடக்காரரின் கையும் மருத்துவரின் கையும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். ஆனால் காயமோ வீக்கமோ இல்லாமல் நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தால், கோளாறு காலில் இல்லை, உடம்பு முழுவதிலுமுள்ள எலும்பில் இருக்கிறது என்றே ஐயப்பட வேண்டும். அத்தகைய குதிரைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வலி ஊசி போடுவது நோயை ஆற்றாது. வலி தெரியாமல் குதிரை தன் பலவீனமான எலும்பின் மேல் முழுப் பாரத்தையும் போட்டு ஓட வழிசெய்யும். தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் பிய்த்துக்கொண்டு வருவதும், சிறு எலும்பு முறிவுகளும் இப்படித்தான் நேர்கின்றன. வலி மருந்துகள் தொடர்ந்து போனால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொடுத்த குப்பியில் என்ன பெயர் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக் என்று இருந்தால், அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது; அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன என்பதே காரணம். உங்கள் ஊருக்கு மேற்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது அந்தக் குப்பியை வாங்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் 10 கிராமுக்கும் அதிகமான பாஸ்பரஸ் இருக்கிறது. கால்சியமோ ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. நீங்கள் கொடுக்கும் மூன்று கிலோவில் பாஸ்பரஸ் 30 கிராமுக்கு மேல், கால்சியம் நான்கு கிராம் அளவில். வேலையில்லாமல் நிற்கும் 400 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிராம் கால்சியமும் 11 கிராம் பாஸ்பரஸும் போதும். அதிலும் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை மடங்காக இருந்தால் நல்லது. தவிட்டில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. குடலில் பாஸ்பரஸ் மிகும்போது கால்சியம் உறிஞ்சப்படுவது குறைகிறது; ரத்தத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு எடுத்து விடுகின்றன. கரைந்த எலும்பின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. அது முதலில் கண்ணுக்குத் தெரிவது முகத்து எலும்பிலும் தாடையிலும்தான். மாவு ஆலைகளை அண்டித் தவிட்டிலேயே வளர்ந்த குதிரைகளிடம் முன்பே கண்டறியப்பட்ட நோய் இது. பெருந்தலை நோய் என்றே வழங்குகிறது.

இதன் மேல் நீங்கள் கோ 4 புல்லையும் ஏற்றியிருக்கிறீர்கள். நேப்பியர் வகைப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. அது குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிச் சாணத்தோடு வெளியேற்றிவிடும். அதே புல்லைத் தின்னும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. அதன் நொதித்தல் பெருங்குடலில், கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலைக் கடந்த பிறகே நடக்கிறது. ஆகவே மாட்டுக்குப் பொன்னான புல் குதிரைக்குத் தனித்தீவனமாக ஆகாது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் விட்டால் சரியாகும் என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே நிறைந்திருக்கும் கொழுக்கட்டைப் புல்லிலும் இதே ஆக்சலேட் மிகுதி உண்டு.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். குதிரையின் எதிரே நின்று, இரண்டு கட்டைவிரல்களையும் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஓடும் எலும்பு வரம்பின் மேல் வைத்து, மூக்குத் துளையை நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல குதிரையில் அந்த வரம்பு கூர்மையாக விரலில் தட்டும். அதற்கு மேலே எலும்பு தட்டையாக இருக்கும். இந்த நோயில் வரம்பு மழுங்கி, அதன் மேற்புறம் இரு பக்கமும் ஒரே அளவில் கெட்டியாக உப்பியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் அது பல்வேரில் சீழாகவோ முக எலும்புக் குழியில் சளியாகவோ இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. தொட்டியின் அடியில் பாதி மென்று உருண்டையாகத் துப்பிய புல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். தாடை எலும்பு தளர்ந்து பற்கள் ஆடத் தொடங்கிய குதிரை அப்படித்தான் துப்பும்.

முகம் பருத்தது உடம்பு பிடித்ததன் அடையாளம் என்று சொன்ன தரகரின் பேச்சை இனிக் கேட்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். விற்பதற்கு முந்தைய சில வாரங்களில் தவிட்டைக் கொட்டினால் குதிரை வயிறு நிறைந்து மினுமினுப்பாகத் தெரியும்; சந்தைக்கு அது போதும். அந்தக் குதிரையை அடுத்த பதினைந்து ஆண்டுகள் நிற்கவைக்க வேண்டியவர் நீங்கள். கால்சியம் ஊசி விற்பவரையும் அதே கணக்கில் வையுங்கள். இந்த நோயில் ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எலும்பை விற்று ரத்தம் தன் கணக்கை நேர் செய்துகொள்கிறது. இல்லாத குறைக்கு ஊசி எதற்கு? அதிலும் அதை ரத்தநாளத்தில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும்.

தவிட்டை ஒரே நாளில் நிறுத்தாமல், ஏழு முதல் பத்து நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து முற்றிலும் விட்டுவிடுங்கள்; குதிரைக்குத் தீவனம் சட்டென மாறினால் வயிற்றுவலி வரும். தவிட்டை வைத்துக்கொண்டே அதைச் சமன்செய்யச் சுண்ணாம்புத்தூள் கலக்கலாமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள்; அதற்குத் தினமும் 100 கிராமுக்கு மேல் தூள் வேண்டும், குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கோ 4 புல்லின் இடத்தில் அருகம்புல்லும், கால்சியம் நிறைந்த குதிரை மசாலும், பூசணம் பிடிக்காத, மண் உதறிய காய்ந்த கடலைக்கொடியும் வரட்டும். பசுஞ்சோளத்துக்கு மாறாதீர்கள், தொடர்ந்து தின்றால் சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் தளரும். சூபாபுல் மரத்தழையும் வேண்டாம், பிடரியும் வாலும் உதிரும். வைக்கோலைக் குறைத்து, தண்ணீரை எப்போதும் நிறைத்து வையுங்கள். கொள்ளு இருக்கட்டும், அந்த அளவில் அதனால் தீங்கில்லை. தவிட்டுக்குப் பதிலாகக் கோழித் தீவனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின் சிறு அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். புல் மாறும் வரை எந்தக் கால்சியத் தூள் எவ்வளவு என்பதை மருத்துவர் குதிரையைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குதிரையை அழைத்துச் செல்வது நல்லது. ரத்தக் கால்சியம் சரியாக இருக்கிறது என்ற ஒரே அறிக்கையோடு திரும்பிவிடாதீர்கள். சிறுநீரில் எவ்வளவு பாஸ்பரஸ் வெளியேறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகே எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியும் என்பதால், படம் நன்றாக வந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. தீவனம் திருந்தினால் நொண்டல் சில வாரங்களில் குறையத் தொடங்கும், ஆனால் எலும்பு முழுதாக இறுக ஓராண்டு வரை பிடிக்கும். அதுவரை பந்தயப் பேச்சே கூடாது, வண்டியும் கூடாது. முக வீக்கம் முழுதாக வடியாமலே போகலாம். அது குதிரையின் வேலைக்குத் தடையில்லை.

குட்டியைப் பற்றி ஒரு சொல்லுடன் நிறுத்திவிட்டீர்கள். அதே தொட்டியில் அதே தவிட்டைத் தின்கிறது என்றால், எலும்பு வளரும் பருவத்திலிருக்கும் அதற்குத் தாயைவிட ஆபத்து அதிகம்; இன்னும் நொண்டவில்லை என்பதால் அதை வீட்டில் விட்டுவிடாமல், தாயோடு ஒரே வண்டியில் ஏற்றி நாமக்கல்லுக்கு அழைத்துச் செல்லுங்கள்.