கைதிகள் கட்டியதாகச் சொல்லப்படும் பிரிஸ்பேன் காற்றாலையின் வரலாறு என்ன?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், விக்காம் டெரஸ் சாலையோரம் ஸ்பிரிங் ஹில் மேட்டில் நிற்கும் பழைய காற்றாலையைத்தான் கேட்கிறீர்கள். நகர மையத்திலிருந்து அந்த மேட்டேற்றத்தில் நடந்து சென்று பலமுறை அதைப் பார்த்திருக்கிறேன். இறக்கைகள் இல்லாமல், மேலே போகப் போகக் குறுகும் சாந்து பூசிய வட்டக் கோபுரமாக அது இருப்பதால், முதல்முறை பார்த்தபோது கலங்கரை விளக்கம் என்றே எண்ணிவிட்டேன்.

பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த இடத்தில் மீண்டும் குற்றம் புரிந்தவர்களை அடைப்பதற்காக 1824இல் ரெட்கிளிஃபில் தொடங்கி, மறு ஆண்டே பிரிஸ்பேன் ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டதுதான் மோர்ட்டன் விரிகுடாத் தண்டனைக் குடியிருப்பு. அங்கு விளைந்த மக்காச்சோளத்தையும் கோதுமையையும் அரைப்பதற்காக, கேப்டன் பாட்ரிக் லோகனின் அதிகாரத்தின்கீழ் 1828இல் கைதிகளின் உழைப்பால் இந்த ஆலை எழுந்தது.

காற்றாலை என்று பெயர் இருந்தாலும், அதன் கல்லைச் சுழற்றியதில் மனிதக் கால்களுக்குப் பெரும் பங்குண்டு. கோபுரத்தை ஒட்டி ஒரு மிதிசக்கரம் இருந்தது. அகன்ற உருளையைச் சுற்றிப் படிகள் பொருத்தியிருப்பார்கள். கைதிகள் மேலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று மிதிக்க, மிதித்த படி கீழே இறங்கும், உடனே அடுத்த படிக்குக் காலைத் தூக்கியாக வேண்டும். 1836இல் இங்கு வந்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் பேக்ஹவுஸ், வழக்கமாக 25 பேர் அதில் வேலை செய்ததையும், தனித் தண்டனையாக விதிக்கப்படும்போது 16 பேர் 14 மணி நேரம் அதில் நிறுத்தப்பட்டதையும், நான்கு நான்கு பேராக மாறி மாறி இறங்குவதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். காற்று இல்லாத நாளுக்கான மாற்று ஏற்பாடு என்று இதைச் சுருக்கிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாவு அரைப்பதற்கு 14 மணி நேரக் கணக்கு தேவையில்லை. உடலை வதைப்பதற்குத்தான் அது தேவை.

தண்டனைக் குடியிருப்பு 1839இல் மூடப்பட்ட பிறகும் கோபுரத்தை விட்டுக் கொடுமை நீங்கவில்லை. நில அளவையாளர் ஸ்டேபில்டனின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பூர்வகுடியினர் இருவரை 1841 ஜூலையில் இங்குதான் தூக்கிலிட்டார்கள். பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது என்பதை, அந்தக் கோபுரத்தடியில் நிற்கும்போது என்னால் மறக்க முடிவதில்லை.

அதன்பின் வந்தவை அமைதியான பணிகள். 1862இல் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகம் முதன்முதலில் இதற்குள்தான் தொடங்கியது. நேரம் அறிவிக்கும் பந்தும் இதன் உச்சியிலிருந்து விழுந்தது. 1930களில் தொலைக்காட்சி ஒளிபரப்புச் சோதனைகளும் இங்கிருந்து நடந்தன. இறக்கைகள் கழற்றப்பட்டதுபோலவே மிதிசக்கரமும் இன்று அங்கே இல்லை. நீங்கள் அங்கே போனால், கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பாமல், மிதிசக்கரம் சுழன்ற பக்கத்து வெற்றிடத்திலும் சற்று நேரம் நில்லுங்கள்.