ஓரியோல்ஸ் ஏன் பிட்சரை எடுப்பதே இல்லை? – கேள்வி பதில்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018இல் 115 ஆட்டங்களில் தோற்றது. அந்த நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிலிருந்து மைக் எலியாஸ் வந்து பொது மேலாளராகப் பொறுப்பேற்றார். 2023இல் 101 வெற்றி, 2024இல் 91. 2025இல் 75 வெற்றி, 87 தோல்வி என்று மறுபடி சறுக்கல். மே மாதமே மேனேஜர் பிராண்டன் ஹைடின் வேலை போனது. நடுவில் என்னதான் ஆயிற்று என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக எல்லாக் கேள்வியும் ட்ராஃப்ட்டில் தொடங்கி பிட்சரில், அதாவது பந்து வீசுபவரில், முடிகிறது.

அண்ணா, நான் கிரிக்கெட் ஆள், பேஸ்பாலுக்குப் புதுசு. இந்த ட்ராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு வீரர். ட்ராஃப்ட்டில் போட்டி ஏலமே கிடையாது. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த அணியோடு மட்டும்தான் அந்தப் பையன் பேச முடியும். தொகை பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்குப் போகலாம், அவ்வளவுதான் அவன் பலம். 2021இலிருந்து 20 சுற்றுகள். முதல் 10 சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகை வைத்திருக்கிறது. அதற்கு ஸ்லாட் என்று பெயர். உங்கள் அணியின் ஸ்லாட்டுகளை எல்லாம் கூட்டினால் வருவது உங்கள் பட்ஜெட். அதற்கு மேல் 5 சதவீதம் வரை போனால் அபராதம். அதையும் தாண்டினால் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வு கையைவிட்டுப் போகும். ஆனால் அந்த மொத்தத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது அணியின் இஷ்டம். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

2020இல் இரண்டாவது இடத்தில் ஹெஸ்டன் கியர்ஸ்டாடை எடுத்தது கஞ்சத்தனம்தானே? ஆஸ்டின் மார்ட்டின் இருந்தாரே!

கஞ்சத்தனம் என்றால் மிச்சம் பிடித்த பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். இரண்டாம் இடத்தின் ஸ்லாட் சுமார் 78 லட்சம் டாலர். கியர்ஸ்டாட் 52 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சத்தில் ஒரு பகுதி நான்காம் சுற்றில் கோபி மேயோவுக்குப் போனது: 17.5 லட்சம், அந்த இடத்தின் ஸ்லாட்டைப் போல மூன்று மடங்கு. இல்லையென்றால் அந்தப் பையன் கல்லூரிக்குப் போயிருப்பான். அதாவது ஒரு டிக்கெட்டின் பணத்தில் இரண்டு டிக்கெட். எலியாஸ் இதைக் கற்றது ஹூஸ்டனில். 2012இல் ஆஸ்ட்ரோஸ் முதல் தேர்வான கார்லோஸ் கொரியாவை 48 லட்சத்துக்கு முடித்து, மிஞ்சியதில் 41ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸைப் பிடித்தது. 2017 கோப்பையில் இருவருக்கும் பங்குண்டு.

கியர்ஸ்டாட் விஷயத்தில் நடந்தது வேறு. தேர்வான பிறகு இதயத் தசையில் அழற்சி இருப்பது தெரிந்தது; 2021 முழுவதும் ஆடவில்லை. மீண்டு வந்தவரை 2024 ஜூலையில் யாங்கீஸ் பந்து தலையில் தாக்கியது. 2025 பாதியில், இளம் வீரர்கள் வளரும் கீழ்மட்ட மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதை ட்ராஃப்ட் மேசையில் உட்கார்ந்து யார் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்? ஆஸ்டின் மார்ட்டினும் ஒன்றும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை.

சரி, அப்போது ஒரு பிட்சரையாவது எடுத்திருக்கலாமே? 2019இலிருந்து 2025 வரை முதல் சுற்றில் ஒரு பிட்சர் கூட இல்லை. இது பிடிவாதம் இல்லையா?

பிடிவாதம்தான். ஆனால் காரணமுள்ள பிடிவாதம். அதே 2020இல் கியர்ஸ்டாடுக்கு அடுத்து, மூன்றாவதும் நான்காவதும் போனவர்கள் பிட்சர்கள். மூன்றாவது மேக்ஸ் மெயர்: மேஜர் லீகுக்கு வந்த வேகத்திலேயே முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. நான்காவது ஏசா லேசி: 2025 முடியும்வரை மேஜர் லீகில் ஒரு பந்து கூட வீசவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு "லேசியை எடுங்கள்" என்று குரல் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

இன்னும் பின்னால் போனால் நம் வீட்டுக் கதையே போதும். 2008இல் பிரையன் மேட்டஸ், 2009இல் மேட் ஹாப்குட், 2011இல் டிலன் பண்டி, 2012இல் கெவின் காஸ்மன். எல்லாருமே முதல் ஐந்து இடங்களில் எடுத்த பிட்சர்கள். ஹாப்குட் மேஜர் லீகை எட்டவே இல்லை; அந்த ட்ராஃப்ட்டில்தான் மைக் ட்ரவுட் 25ஆவது இடம் வரை காத்துக்கொண்டிருந்தார். பண்டிக்கு 2013இல் முழங்கை போனது. காஸ்மன் நன்றாகத்தான் வளர்ந்தார், ஆனால் நம்மை விட்டுப் போன பிறகு. நான் எலியாஸாக இருந்தாலும் பிட்சர் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பேன்.

பிட்சரை எடுக்காமல் பிட்சர் எங்கிருந்து வருவார்? வானத்திலிருந்தா?

மற்ற அணிகளிடமிருந்து. 2023 அணியைப் பிரித்துப் பாருங்கள். கைல் பிராடிஷ் அந்த வருடம் 2.83 ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ரன்னுக்கும் கீழே. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் நான்காம் இடம். அவர் 2019 டிசம்பரில் பண்டியைக் கொடுத்து ஏஞ்சல்ஸிடம் வாங்கியவர்களில் ஒருவர். டீன் க்ரீமர் 2018இல் மேன்னி மச்சாடோவைக் கொடுத்தபோது வந்தவர். டைலர் வெல்ஸ் ரூல் 5 ட்ராஃப்ட்டில், அதாவது மற்ற அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்ட வீரர்களை எடுக்கும் வழியில், மினசோட்டாவிடமிருந்து வந்தார். ஃபெலிக்ஸ் பாடிஸ்டா மயாமி வேண்டாம் என்று கழற்றிவிட்டவர். திட்டம் இதுதான்: ஹிட்டரை, அதாவது பேட் பிடிப்பவனை, வளர்ப்பது எளிது, அவன் சீக்கிரம் உடைய மாட்டான், மிகுதியாக வளர்த்து, மிஞ்சியதைக் கொடுத்துப் பிட்சரை வாங்கு.

திட்டத்தின் முதல் பாதி பிரமாதம். இரண்டாம் பாதியில்தான் கை நடுங்கியது.

அந்தக் "கை நடுங்கியது" என்பதை விளக்குங்கள் சார். எலியாஸ் எங்கே தப்பு செய்தார் என்கிறீர்கள்?

2023 ஜூலைக் கடைசியைச் சொல்வேன்; அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள ஆகஸ்ட் 1தான் கெடு. அணி முதலிடத்தில் இருக்கிறது. மைனர் லீகில் ஹிட்டர்கள் நிரம்பி வழிகிறார்கள். ஊரெல்லாம் நல்ல பிட்சரை எதிர்பார்த்தால் வந்தவர் ஜாக் ஃப்ளாஹெர்ட்டி. அவருக்குக் கொடுத்த மூவரும் முன்வரிசை ஆட்கள் இல்லை. விலைக்கேற்ற சரக்கு, நம்மிடம் வந்து 6.75 ஈஆர்ஏ. அக்டோபர் ப்ளேஆஃபில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்றே ஆட்டத்தில் வெளியேறினோம். 3-2, 11-8, 7-1. மூன்று ஆட்டத்தில் 21 ரன் கொடுத்த அணி பிட்சர் போதும் என்று சொல்ல முடியாது.

மறுபடி 2024 டிசம்பர். சிகாகோ ஒயிட் சாக்ஸ் தன் பிட்சர் காரெட் க்ரோஷேவை விற்கத் தயார். பாஸ்டன் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. அதில் கைல் டீல், பிரேடன் மான்ட்கமரி இருவரும் முதல் சுற்று ஹிட்டர்கள். நாம் சேர்த்து வைத்திருந்த அதே வகைச் சரக்கு! 2025இல் க்ரோஷே 18 வெற்றி, சை யங்கில் இரண்டாம் இடம். நாம் அந்த வருடம் நம் முதல்நிலைப் பிட்சர் கார்பின் பர்ன்ஸ் விட்டுப் போன இடத்தை 41 வயது சார்லி மோர்ட்டனுக்கு 1.5 கோடி டாலர், 35 வயது டோமோயுகி சுகானோவுக்கு 1.3 கோடி என்று நிரப்பினோம். மோர்ட்டன் தோல்வியாகவே ஏழு வரை எண்ணினார்.

இளம் ஹிட்டரின் சந்தை விலை அவன் மைனர் லீகின் உச்சப் படியான ட்ரிபிள்-ஏ-வில் அடித்து நொறுக்கும் வருடத்தில்தான் உச்சம். மேலே வந்து .220 சராசரியில், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 220 ஹிட் என்று, அடித்தால் பாதியாகிவிடும். மேயோ, கியர்ஸ்டாட் இருவர் விஷயத்திலும் நாம் உச்சத்தைத் தவறவிட்டோம். ட்ராஃப்ட்டைத் திட்டுபவர்கள் ஜூலையையும் டிசம்பரையும் திட்டினால் நான் கூடச் சேர்ந்துகொள்வேன்.

ஆனால் ட்ரேட் செய்தபோதும் அடி வாங்கினோமே? ஸ்டவர்ஸையும் நார்பியையும் கொடுத்து ட்ரெவர் ரோஜர்ஸை வாங்கியது?

2024 ஜூலையில் அது அபத்தமாகத்தான் பட்டது. ரோஜர்ஸ் வந்து நான்கு ஆட்டம் ஆடி, 7.11 ஈஆர்ஏவோடு நம் மைனர் லீக் அணியான நார்ஃபோக்குக்கு மூட்டை கட்டினார். கைல் ஸ்டவர்ஸ் 2025இல் மயாமிக்காக ஆல்-ஸ்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் எலியாஸ் முட்டாள். ஆனால் அதே 2025இல் ரோஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81. இருவருக்கும் லாபம். ஒரு ட்ரேடை மூன்று மாதத்தில் தீர்ப்பெழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிட மோசமான ட்ரேட் வேண்டுமா? 2013 ஜூலையில் ஸ்காட் ஃபெல்ட்மனுக்காக ஜேக் அரியேட்டாவைக் கப்ஸுக்குக் கொடுத்தோம். 2015இல் அவர் சை யங் வாங்கினார், 2016இல் கோப்பை. எலியாஸ் அப்போது இங்கே இல்லை.

2024 ப்ளேஆஃபிலும் பிட்சிங் இல்லாமல்தான் தோற்றோம். ஒத்துக்கொள்கிறீர்களா?

மாட்டேன். கான்சாஸ் சிட்டியிடம் 1-0, 2-1. முதல் ஆட்டத்தில் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். இதற்கு மேல் ஒரு பிட்சர் என்ன செய்வார்? தானே பேட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு ரன் எடுத்தவர்கள் நாம் ட்ராஃப்ட் செய்து பெருமைப்பட்ட ஹிட்டர்கள். பர்ன்ஸுக்காக ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், கூடவே ஒரு ட்ராஃப்ட் இடம் கொடுத்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஒரு வருடத்தில் 21 கோடி டாலருக்கு அரிசோனா போய்விட்டாலும் கூட.

2019இல் முதல் இடத்தில் நாம் எடுத்த அட்லி ரட்ச்மனா, பாபி விட் ஜூனியரா? இன்றைக்கு மறுபடி எடுத்தால்?

இன்றைக்கென்றால் விட். கண்ணை மூடிக்கொண்டு. 2024இல் .332 அடித்துப் பேட்டிங் பட்டம் வாங்கியவர். ரட்ச்மன் 2025இல் .220 அடித்து, விலாப்பக்கத் தசைக் காயத்தால் இரண்டு முறை வெளியே உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்கு இரு பக்கமும் பேட் செய்யும் கேட்சர் (உங்கள் விக்கெட் கீப்பர் மாதிரி), கல்லூரியில் எல்லாவற்றையும் செய்து காட்டியவர். அவரை விட்டிருந்தால் ஊர் கொளுத்தியிருக்கும். அவர் வந்த 2022 மே மாதத்திலிருந்துதான் இந்த அணி அணியானது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதோடு அந்த ட்ராஃப்ட்டின் உண்மையான வெற்றி 42ஆவது இடம். ரட்ச்மனுக்கு 81 லட்சம், அதுவே ஸ்லாட்டைவிடக் கொஞ்சம் குறைவு. அலபாமாவில் செல்மா என்ற சிறிய ஊரின் பள்ளிப் பையன் ஒருவனுக்கு ஸ்லாட்டைத் தாண்டி 23 லட்சம். அவன் பெயர் கன்னர் ஹெண்டர்சன். 2023இல் சிறந்த புதுமுக விருது வாங்கினார். அதற்குப் பரிசாக லீக் விதிப்படி நமக்கு 2024இல் கூடுதலாக ஒரு தேர்வு வந்தது.

இளம் ஹிட்டர் ஜாக்சன் ஹாலிடேயை 2024இல் பத்தே ஆட்டத்தில் கீழே அனுப்பியது சம்பளத்தை இழுத்தடிக்கத்தானே?

172 நாள் மேஜர் லீகில் இருந்தால் ஒரு வருடக் கணக்கு. ஆறு வருடம் சேர்ந்தால் வீரருக்கு எந்த அணிக்கும் போகும் சுதந்திரம். அதனால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் 34 முறை பேட் பிடித்து இரண்டே ஹிட் என்றால், முதலாளி கர்ணனாக இருந்தாலும் அனுப்பத்தான் செய்வார். 20 வயதுப் பையன். ஜூலை 31 அன்று திரும்ப அழைத்தார்கள். அன்றைக்கே மூன்று பேஸும் நிரம்பியிருக்க அடித்தார், பந்து வலது பக்கம் பறந்து யூடா தெருவில் விழுந்தது. கேம்டன் யார்ட்ஸில் அந்தத் தெருவில் விழும் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் தரையில் ஒரு பித்தளைத் தகடு பதிப்பார்கள். முதல் ஹோம் ரன்னிலேயே தகடு!

முதல் பேஸில் நிற்கும் பீட் அலோன்ஸோவுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தாயிற்று. மேயோ, மவுண்ட்காஸில் எங்கே நிற்பார்கள்? ஏற்கெனவே ஹிட்டர்கள் அதிகம் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஹிட்டர்கள் அதிகம் இருந்தார்கள். நம்பிக்கையாக அடிப்பவர்கள் இல்லை. அலோன்ஸோ ஆண்டுதோறும் ஆடுவார், அடிப்பார். மேயோவை இனி நார்ஃபோக்கில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. மூன்றாம் பேஸில் விடுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள். மவுண்ட்காஸில் பெஞ்ச்சுக்கு நல்லவர்.

எலியாஸ் வருவதற்கு முன் 2018இல் எடுத்த க்ரேசன் ராட்ரிகஸை ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து ஹிட்டர் டெய்லர் வார்டை வாங்கியது? இருந்த ஒரே முதல் சுற்றுப் பிட்சரையும் தள்ளிவிட்டார்களே!

எனக்கும் இது பிடிக்கவில்லை. வார்டு 2026 முடிந்ததும் போய்விடலாம்; ராட்ரிகஸ் இன்னும் சில வருடம் நம் கையில் இருந்திருப்பார். ஆனால் 2025 முழுவதும் அவர் மேஜர் லீகில் ஒரு பந்தும் வீசவில்லை. உள்ளே இருக்கும் மருத்துவ அறிக்கை அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

2025 டிசம்பரில் பிட்சர் ஷேன் பாஸை டாம்பா பேவிடமிருந்து வாங்கியதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. நான்கு இளம் வீரர்கள், ஒரு ட்ராஃப்ட் இடம். விலை கனம்தான், ஆனால் பல வருடமாகக் கத்தியது இதற்காகத்தானே? வேடிக்கை என்னவென்றால் அந்த நால்வரில் ஸ்லேட்டர் டி ப்ரூனை 37ஆவது இடத்தில் எடுத்தோம். அந்த இடமே 2025 ஜூலையில் பிரையன் பேக்கரைக் கொடுத்து டாம்பாவிடம் வாங்கியது. டாம்பாவின் சரக்கு டாம்பாவுக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த ட்ராஃப்ட்டில் முதலில் பிட்சரை எடுக்க வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில்.

வேண்டாம். இரண்டாம் சுற்றிலிருந்து மூட்டையாக எடுங்கள், பத்தில் இரண்டு தேறினால் போதும். அதைவிட அவசரம் வேறு இருக்கிறது. ரட்ச்மன் 2027 முடிந்ததும், ஹெண்டர்சன் 2028 முடிந்ததும் சுதந்திரம். இளம் கேட்சர் சாமுவேல் பசாயோவுக்கு 6.7 கோடி டாலரில் எட்டு வருடம் போட்டதைப் போல ஹெண்டர்சனுக்கும் ஒன்று போட முடியுமா என்று கேளுங்கள். அவருடைய ஏஜென்ட், தன் வீரர்களைச் சந்தைக்கே அழைத்துப்போகப் பேர்போன ஸ்காட் போராஸ் என்பதால் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.