‘விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டீர்களே!

கேள்வி: வயது 63. பெங்களூரில் ப்ளூஸ் கிதார் வாசிப்பவன். வெவ்வேறு குழுக்களில் முப்பது வருடம் வாசித்த நாங்கள் மூவர், இரண்டு வருடத்துக்கு முன் புதுக் குழு தொடங்கினோம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பெயர் வைத்தது நான், ஆம்ப்ளிஃபயர் வாங்கியது நான். இப்போது ஒருவர் மேடையில் என் சோலோவைப் பாதியிலேயே வெட்டுகிறார். குழுவின் பெயரைத் தனக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தும்விட்டார். நொந்துபோய் வாட்ஸ்அப் குழுவில் ‘விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: சோலோவை வெட்டியதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. ஆம்ப்ளிஃபயர் கணக்குத் தீர்க்கும்போது வரும். பெயர் யாருடையது என்பது ஒன்றுதான் கேள்வி.

‘பெயர் வைத்தது நான்’ என்பது செல்லாது. அந்தப் பெயரில் கச்சேரி செய்து சம்பாதித்தவர்களுக்கே அது சொந்தம். வருமானத்தை மூவரும் பிரித்துக்கொண்டிருந்தால், தாள் இல்லாவிட்டாலும் நீங்கள் பங்குதாரர்கள். ஆகவே அவருடைய விண்ணப்பத்தை ஆட்சேபிக்கலாம். விண்ணப்பங்களை வெளியிடும் அரசு இதழான டிரேட்மார்க் ஜர்னலில் அது வெளியான நாளிலிருந்து 4 மாதம்தான் கெடு. தேதியை இன்றே பாருங்கள்.

என் கவலை அந்த வாட்ஸ்அப் செய்தி. காலவரையறை இல்லாத கூட்டில், மற்ற எல்லாப் பங்குதாரர்களுக்கும் எழுத்தில் தெரிவித்தாலே விலகிவிடலாம் என்கிறது 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம். கோபத்தில் எழுதியதை எதிர்த்தரப்பு வக்கீல் ‘பெயரையும் சேர்த்தே கைவிட்டார்’ என்று வாசிப்பார். இப்படி ஒற்றை வரியில் கையிலிருந்ததைத் தொலைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பலர்.

உரிமை போனாலும் கடன் போகாது. நீங்கள் இருந்தபோது குழு ஏதாவது கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால், விழா அமைப்பாளர் உங்களிடமும் முழுத்தொகை கேட்கலாம். அரசிதழிலும் ஒரு கன்னட நாளிதழிலும் அறிவிப்பு வரும்வரை, இனி அவர்கள் வாங்கப்போகும் கடனும் உங்கள் தலையில் விழலாம். பதிவு செய்யாத கூட்டு என்றாலும் வெளியார் உங்கள்மேல் வழக்குப் போடத் தடையில்லை. ஆனால் நீங்கள் பங்குதாரர் என்ற முறையில் மற்ற இருவர்மேல் போட்டால், கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்குக் கேட்கவும் தவிர, அதே சட்டத்தின் பிரிவு 69 குறுக்கே நிற்கும்.

லண்டனில் 1967இல் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1974இல் அதன் மேலாளர், பெயர் தன்னுடையது என்று சொல்லி, வேறு ஆட்களை அதே பெயரில் அமெரிக்காவுக்குக் கச்சேரிக்கு அனுப்பினார். அந்த வழக்கும் கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில்தான் முடிந்தது.

நீங்களும் சமரசமாகப் போங்கள். தீர்ப்பு வரும்போது உங்களுக்கு எழுபது தாண்டியிருக்கும். ஆட்சேபத்தைக் கெடுவுக்குள் போட்டுவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பெயர் அவருக்கு. பதிலுக்கு உங்கள் பங்கு, ஆம்ப்ளிஃபயர், அட்வான்ஸ் பொறுப்பை அவரே ஏற்பதாகக் கையெழுத்து. அந்த அட்வான்ஸ் தாளில் அமைப்பாளரும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அது உங்களைக் காக்காது.

அதுவரை அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். பழைய செய்தியை அழிக்கவும் வேண்டாம். அவர்கள் எப்போதோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.