கல்யாண வேலையை விடவேண்டுமா?

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காசிமேடு, பாரிமுனைப் பக்கம் போய் மனிதர்களை எடுக்கிறேன். அதையே தொழிலாக்க ஆசை. கல்யாண வேலையை விட்டால்தான் உண்மையான ஆவணப் புகைப்படக்காரன் ஆகமுடியும் என்கிறார் நண்பர். லென்ஸுக்கு இன்னும் தவணை பாக்கி. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ர., வியாசர்பாடி

அன்புள்ள ர.,

விடாதீர்கள். தவணையை முடியுங்கள் முதலில்.

டோரோதியா லாங்கின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1936-இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் அவர் எடுத்த தாயின் படம் உலகத்துக்கே தெரியும். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேல் அவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டூடியோ வைத்து, வசதியான வீட்டுக்காரர்களைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பதுகளின் பொருளாதார மந்தக் காலத்தில்தான் கேமராவோடு தெருவில் இறங்கினார். அறிமுகமில்லாத ஒருவரைச் சில நிமிடத்தில் இயல்பாக இருக்கவைக்கும் வித்தை ஸ்டூடியோவில் படிந்ததுதான் என்பது என் எண்ணம். மேடையில் விறைத்து நிற்கும் மாப்பிள்ளையைச் சிரிக்கவைக்கிறீர்களே, அதே வித்தை. உங்கள் நண்பருக்கு இது வேலையாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆனால் அந்தத் தாயின் பெயரை லாங்க் கேட்டுக்கொள்ளவில்லை. அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வந்தது 1978-இல். படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று அவருக்கு வருத்தம். அரசு வேலையில் எடுத்த படம், லாங்குக்கும் அதில் ராயல்டி கிடையாது. அது வேறு விஷயம்.

லாங்கைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. காசிமேட்டில் அருவாமனை முன் உட்கார்ந்து சங்கரா நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை எடுத்தேன். முழங்கைவரை செதில் ஒட்டியிருந்தது, விடியற்காலை வெளிச்சத்தில் மினுங்கியது. படம் பத்திரிகையில் வந்தது, நான்கு பேர் பாராட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனால், "படம் புடிச்சினு போனியே தம்பி, எங்க அது?" என்றார். லேபில் இருக்கிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் எட்டுக்குப் பத்தில் ப்ரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். கையில் மீன் தண்ணீர் என்று அவர் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த பையனைப் பிடிக்கச் சொல்லி எட்ட இருந்தே பார்த்தார். "சொல்லியிருந்தா தலையாச்சும் வாரினு இருப்பேன் இல்ல?" என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். பட்டுப்புடவை, பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பேத்தி. பத்திரிகைப் படத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் என்னை வாசலில் நிற்கவைத்ததில்லை.

பிழைப்பைப் பற்றியும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, நானே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகள் தருவது பெட்ரோலுக்குச் சரியாகிவிடும். தொண்டு நிறுவன அறிக்கை, கம்பெனி அதிகாரிகளின் முகப்படம் இவற்றில்தான் கொஞ்சம் காசு. ஆடியும் மார்கழியும் உங்களுக்கு எப்படியும் சும்மாதானே? அந்த இரண்டு மாதத்தையும் ஒரே தெருவுக்குக் கொடுங்கள். ஊர் முழுக்கச் சுற்றாதீர்கள். 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா மாதிரி இடங்களுக்கு அனுப்புவதெல்லாம் அப்புறம், கையில் ஒரு தொடர் சேர்ந்த பிறகு.

படங்கள் பார்த்தேன். முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதில் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தைக்கிறாரே ஒரு பெரியவர், அது நல்ல படம். அவர் பெயரைக் கடிதத்தில் தேடினேன், காணோம். ப்ரிண்ட் கொடுத்துவிட்டு எழுதுங்கள்.