பூச்சியே கண்ணில் படவில்லை, ஆனால் மணிபிளாண்ட் இலையில் வெள்ளிக் கீறல்: என்ன காரணம்?

ஹாலில் இருக்கும் மணிபிளாண்டின் இலைகளில் வெள்ளி பூசினாற்போல் கீறல்கள், நடுநடுவே மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள், தண்ணீர் சரியாகத்தான் ஊற்றுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர்க் குறையானால் பெரும்பாலும் நுனியோ ஓரமோதான் காயும். நீங்கள் சொல்வது இலைப்பேன் (thrips) என்ற மிகச் சிறிய பூச்சியின் வேலை மாதிரி இருக்கிறது.

ஒரு வெள்ளைத்தாளை இலைக்கடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒல்லியான துணுக்குகள் விழுந்து நகர்ந்தால் இலைப்பேன்தான், சந்தேகமே வேண்டாம். இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சிவிடும். காலியான செல்லுக்குள் காற்றுப் புகுவதால்தான் அந்த வெள்ளி மினுக்கம். கறுப்புப் புள்ளி அதன் எச்சம். நகர்வது உருண்டையாக, ஊசிமுனை அளவில் இருந்து, காம்பருகே மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன்.

முதலில் தொட்டியைத் தனியே வையுங்கள். ரொம்பக் கெட்ட இலைகளை வெட்டிவிட்டு, மற்றதைக் குழாயடியில் அடிப்பக்கம் படக் கழுவுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் திரவம்; சாயங்காலமாகத் தெளியுங்கள். நான் முதல் தடவை ஒரே தெளிப்போடு விட்டுப் பத்து நாளில் மறுபடி மாட்டிக்கொண்டேன். முட்டை இலைத்திசுவுக்குள் இருக்கும், கூட்டுப்புழு மண்ணில் கிடக்கும், மருந்து எட்டாது. வாரம் ஒருமுறை, நான்கு வாரமாவது தெளிக்க வேண்டும்.

பழைய கீறல் மறையாது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.