கடல்மீன் தொட்டிக்குக் கீழே, பழைய தொட்டியில் சொந்தமாக சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத்தொட்டி) அமைத்தால் கரண்ட் போகும்போது தரை நனையுமா?

ரிட்டர்ன் குழாயின், அதாவது சம்ப்பிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே மீன் தொட்டிக்கு அனுப்பும் குழாயின், வாய் ஆழத்தில் இருந்தால் நனையும். பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கும். 90×45 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. இறங்கினாலே சுமார் 20 லிட்டர், 60×30 செ.மீ. சம்ப்பில் மட்டம் 11 செ.மீ. ஏறிவிடும்.

வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழேயே நிறுத்துங்கள். குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை போடுங்கள், தண்ணீர் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். சுண்ணாம்புப் பாசியும் குட்டி நத்தைகளும் இந்தத் துளையை அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்பவே வேண்டாம், ஒரு மணல் துகள் சிக்கினாலும் முழுதாக மூடாது.

உப்பு கலக்கும் முன் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, பம்ப்பை நிறுத்திப் பாருங்கள். சம்ப் வழிந்தால் தண்ணீரைக் குறைத்து மறுபடி சோதியுங்கள். வழியாத நிலையில், பம்ப் ஓடும்போது சம்ப்பில் உள்ள மட்டத்துக்கு அதன் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் எப்போதும் நிரப்பாதீர்கள்.