கோலாலம்பூர் – திருச்சி: பயணச்சீட்டு காட்டும் நேரமும் பறக்கும் நேரமும்

சுங்கை சிப்புட்டிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: நீரிழிவு நோயாளியான தம் தாயாரின் திருச்சிப் பயணச்சீட்டில், காலை 9.00 மணிக்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு 10.30 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பும்போதோ இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00 மணிக்கு வருகிறது. போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா? அம்மாவுக்கு எப்போது மருந்து கொடுப்பது?

இரு வழியிலும் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சிடப்படும். நம் மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே திருச்சியில் காலை 10.30 என்றால் இங்கே பிற்பகல் 1.00 மணி. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தும்வரை இந்த இடைவெளி இரண்டு மணியாகத்தான் இருந்தது. பெரியவர்கள் யாரேனும் பழைய கணக்கைச் சொன்னால், அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்று மணிக்குச் சற்று மேல் வரும். ஆனால் விமானம் வகுக்கப்பட்ட வான்வழிகளில் வளைந்து செல்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைகிறது. அதோடு, வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் சீட்டிலுள்ள கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

மருந்து விஷயத்தில்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். பயண நாளன்று தாயாரின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் மலேசிய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே பிற்பகல் 1.00 மணிக்குச் சாப்பிடுபவர், திருச்சியில் 10.30 தானே என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டால், காலையில் எடுத்த மருந்தின் வேகத்தில் சர்க்கரை சட்டென இறங்கிவிடக்கூடும். கையில் பிஸ்கட்டாவது இருக்கட்டும். இன்சுலின் போடுபவரானால், அது உறைந்து கெட்டுப்போகாதிருக்க, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காமல், மருத்துவரின் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாள்களில் இந்திய நேரத்துக்கு மருந்தை எப்படி நகர்த்துவது என்பதைக் கிளினிக் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வரை நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரமாவது ஆகும். மூன்று மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டுமென்றால், அதிகாலை 2.30-க்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பி வரும் அம்மாவை அழைத்து வரப் போகும்போது, சீட்டில் திருச்சியிலிருந்து புறப்படும் தேதி 14 என்றிருந்தால், நீங்கள் நிலையத்தில் நிற்க வேண்டியது 15-ஆம் தேதி காலையில்.